நிலைக்கு பீடிங் அடிக்க பேட்டரி நெய்லர்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கதவு நிலைகளுக்குத் தேக்கு பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய மரச் சட்டம்) அடித்தபோது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பேட்டரி நெய்லர், அதாவது பேட்டரியில் ஓடும் ஆணி அடிக்கும் கருவி, வாங்குவதானால் வீட்டு வேலைக்கு 18 கேஜ் போதும். கேஜ் என்பது ஆணியின் பருமன், எண் கூடினால் ஆணி மெல்லியது. 18 கேஜ் ஆணி மெல்லியது என்பதால் 12 மி.மீ. பீடிங்கின் ஓரத்தில்கூட மரம் பிளப்பது குறைவு. கனமான சட்டத்துக்குத்தான் 16 கேஜ். ஏற்கெனவே பேட்டரி ட்ரில் இருந்தால் அதே பேட்டரி பொருந்துவதாகப் பார்த்து எடுங்கள், செலவு மிச்சம்.

முக்கியமான விஷயம், நம் ஊர்ச் சுவர் செங்கல்லும் சிமென்ட் பூச்சும். இந்த ஆணி அதில் இறங்காது, வளைந்துவிடும். அடியில் மரம் இருக்கும் இடத்தில் மட்டும் அடியுங்கள். சுவரோடு சட்டம் வைக்க வேண்டுமா, சுவரில் துளையிட்டு வைக்கும் வால் பிளக்கும் ஸ்குரூவும்தான் சரி.

முதலில் அதே மரத்தின் கழிவுத் துண்டில் இரண்டு ஆணி விட்டுப் பாருங்கள். தலை ஒரு மில்லிமீட்டர் உள்ளே இறங்கும்படி ஆழத்தைத் திருகி வையுங்கள். அப்புறம் அந்தக் குழியைத் தேக்கு நிறப் பட்டி (புட்டி) வைத்து அடையுங்கள். வேங்கை மாதிரி இறுகிய மரத்தில் ஆணி சில சமயம் மர ரேகையோடு திரும்பிப் பக்கவாட்டில் எட்டிப் பார்க்கும். பிடிக்கும் கை ஆணியின் நீளத்தைவிடத் தள்ளியே இருக்கட்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஆணி சிக்கினால் பேட்டரியைக் கழற்றிய பிறகே கருவியின் மூக்கை (ஆணி வெளிவரும் முனையை) திறவுங்கள்.