எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் தைராய்டு மாத்திரை: அளவில் கைவைக்கும் முன் நேரத்தைச் சரிசெய்யுங்கள்

எனக்கு ஸ்லீவ் அறுவைச் சிகிச்சை (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மீதியைக் குழாய் போலச் சிறிதாக்குவது) நடந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. தைராய்டு மாத்திரையோ அதற்கும் 9 ஆண்டுகளுக்கு முன்பே வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டையும் ஒன்றாக மேய்க்கக் கற்றுக்கொள்ள ஓராண்டு பிடித்தது. அதில் பாதி நானே விலைகொடுத்து வாங்கிய வினை.

டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன். இரத்தத்தில் அது ஏறினால் மருந்து போதவில்லை, இறங்கினால் மருந்து மிகுதி என்று பொருள். இது தைராய்டு சுரப்பு குறைந்து லெவோதைராக்சின் (இங்கே நான் தைராய்டு மாத்திரை என்பது இதைத்தான்) எடுப்பவர்களுக்கான குறிப்பு. சுரப்பு மிகுந்தவர்களும், தைராய்டு புற்றுநோய்க்காக மாத்திரை எடுப்பவர்களும் இதைப் பின்பற்ற வேண்டாம், உங்கள் கணக்கே வேறு.

படி 1: அறுவைக்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

எடை, மாத்திரையின் அளவு, நிறுவனப் பெயர், கடைசி டி.எஸ்.எச். எண், தேதி. அவ்வளவுதான். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பக்கம் இல்லாவிட்டால் எல்லாம் யூகமாகிவிடும்.

படி 2: நாளைக் கூறுபோடுங்கள்

லெவோதைராக்சின் கரைய வயிற்று அமிலம் வேண்டும். உடலுக்குள் ஏறுவது பெரும்பாலும் சிறுகுடலில். ஸ்லீவில் வயிறு சுருங்குகிறது. பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக்குறைப்பு அறுவையில் சிறுகுடலின் தொடக்கப் பகுதியையே உணவு தொடாமல் போகிறது. போதாததற்கு, அறுவைக்குப் பின் கால்சியம், இரும்பு, பல்சத்து (மல்டிவைட்டமின்) மாத்திரை என்று ஒரு படையே வருகிறது. கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் 4 மணி நேர இடைவெளி கட்டாயம். கால்சியமும் இரும்பும் ஒன்றோடொன்றும் ஒத்துப்போகாது, அவற்றுக்கிடையே 2 மணி நேரம்.

இத்தனையையும் ஒரே நாளுக்குள் எப்படித் திணிப்பது? என் அட்டவணை இது:

காலை 5.00 – தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு
6.00 – காபி, காலை உணவு
9.30 – கால்சியம் 500 மி.கி.
12.30 – இரும்பு சேர்ந்த பல்சத்து மாத்திரை
4.00 – கால்சியம் 500 மி.கி.
8.00 – கால்சியம் 500 மி.கி.

5 மணிக்கு எழுந்து நான் சாதிப்பது ஒன்றுமில்லை. எப்படியும் அந்த நேரத்தில் ஒருமுறை விழிப்பு வரும், மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி படுத்துவிடுவேன். சிலர் இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்து, படுக்கும்போது எடுக்கிறார்கள். அதுவும் நல்ல வழிதான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடும் நமக்கு இரவில் வயிறு எப்போது காலி என்பதே தெரிவதில்லை.

‘ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கவும்’ என்று உறையில் போட்டிருக்கும். அறுவை முடிந்த முதல் வாரங்களில் ஒரு டம்ளர் தண்ணீர் மலையைப் போலத் தெரியும். மிடறு மிடறாகக் குடியுங்கள், ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

கால்சியத்தில் கார்பனேட்டை விட சிட்ரேட்டுக்கே என் ஓட்டு. அமிலம் குறைந்த வயிற்றிலும் அது ஏறும். மாத்திரை கொஞ்சம் பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இரத்தப் பரிசோதனை. நான் சறுக்கி விழுந்த இடம்

அறுவைக்குப் பின் 3-ஆம் மாதம் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வந்தது. வேகமாக எடை குறையும்போது பலருக்கும் நடப்பதுதான், சில மாதங்களில் தானாக நிற்கும். எனக்குப் பொறுமை இல்லை. யாரையும் கேட்காமல், முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை வாங்கினேன், தினம் 10 மி.கி.

அடுத்த மாதப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.08. ‘எடை குறைந்துவிட்டது, மருந்து கூடுதலாகிவிட்டது’ என்று மருத்துவர் 100 மைக்ரோகிராமை 75 ஆக்கினார். நியாயமான முடிவுதான், பயோட்டின் விஷயத்தை நான் அவரிடம் சொல்லவே இல்லையே. 2 மாதத்தில் படிக்கட்டு ஏறவே அலுப்பு, மலச்சிக்கல், எல்லோரும் விசிறி கேட்கும்போது எனக்கு மட்டும் போர்வை. எடையும் அசையவில்லை. மீண்டும் பரிசோதனை. டி.எஸ்.எச். அப்போதும் தாழ்வு! உடம்பு ஒன்று சொல்கிறது, தாள் வேறொன்று சொல்கிறது.

இரத்தம் எடுத்த பெண்தான் கேட்டார்: “முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?”

பல ஆய்வகங்களின் தைராய்டு பரிசோதனை, பயோட்டின் ஒட்டும் தன்மையை வைத்தே வேலை செய்கிறது. இரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருந்தால் கருவி குழம்பி, டி.எஸ்.எச்.-ஐத் தாழ்வாகவும் டி4-ஐ (தைராய்டு ஹார்மோனை) உயர்வாகவும் காட்டும். மருந்து அதிகமாகிவிட்டது போன்ற அச்சு அசல் தோற்றம். நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது என் உண்மையான டி.எஸ்.எச். எண் 11, அதாவது உயர்வு, மருந்து போதவில்லை.

ஆகவே, பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். அளவு அதிகம் என்றால் இன்னும் முன்னதாக. பல்சத்து மாத்திரையின் பட்டியலிலும் அது ஒளிந்திருக்கும், படித்துப் பாருங்கள். மருத்துவரே வேறு நோய்க்காகக் கொடுத்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று: அன்றைய தைராய்டு மாத்திரையை இரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். முன்னரே போட்டால் டி4 சில மணி நேரம் தூக்கலாகத் தெரியும்.

படி 4: அளவு மாறும், அதை நீங்கள் மாற்றாதீர்கள்

முழுத் தேவை உள்ளவருக்கு நாளுக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. இதை வைத்து வீட்டிலேயே கழித்தல் போடத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த மருந்தின் தேவையை நிர்ணயிப்பது கொழுப்பை விடத் தசையும் பிற திசுக்களும்தான். 30 கிலோ கொழுப்பு போனால் மருந்தும் அதே விகிதத்தில் இறங்கும் என்று எண்ண வேண்டாம். எடை குறைவதால் தேவை இறங்கலாம், சரியாக உட்கிரகிக்காததால் ஏறவும் செய்யலாம். எந்தப் பக்கம் என்பதைப் பரிசோதனைதான் சொல்லும்.

மருந்தின் அரை ஆயுள், அதாவது உடலில் அது பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ ஒரு வாரம். எனவே அளவு மாறியபின் 6 முதல் 8 வாரம் காத்திருந்து சோதிப்பதே முறை. நிறுவனத்தை மாற்றினாலும் அப்படியே. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அளவு மிகுந்தால் இதயத் துடிப்பும் கெடும், எலும்பும் தேயும்.

சோர்வு என்றாலே தைராய்டைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். இரும்பும் பி12-உம் குறைந்தாலும் இதே சோர்வுதான். சேர்த்தே சோதிக்கச் சொல்லுங்கள்.

கருவிகள்

மருந்து நினைவூட்டும் செயலிகள் நான்கைப் போட்டுப் பார்த்து அழித்துவிட்டேன். கைபேசியின் சாதாரண அலாரமும் ஒரு நோட்டும் போதும். வாரப் பெட்டியில் மற்ற மாத்திரைகளை அடுக்குவேன். தைராய்டு மாத்திரை மட்டும் அதன் அட்டையிலேயே, தலைமாட்டில். வெளிச்சமும் ஈரமும் அதற்கு ஆகாது, குளியலறை அலமாரி கூடவே கூடாது.

பிற்சேர்க்கை 1: பைபாஸ் செய்துகொண்ட ஒருவர், நேரமெல்லாம் சரியாக வைத்தும் டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று எழுதினார். அவருடைய மருத்துவர் திரவ வடிவத்துக்கு மாற்றியிருக்கிறார், இப்போது பரவாயில்லையாம். மாத்திரை கரையும் வேலை மிச்சமாவதால் சிலருக்கு இது கைகொடுக்கும்.

பிற்சேர்க்கை 2: 5 மணி மாத்திரைக்குப் பின் உடனே சோயா புரத பானம் குடிப்பதாக இருவர் சொன்னார்கள். சோயாவும் உட்கிரகிப்பைத் தடுக்கும், காபியும்தான். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள்.

பிற்சேர்க்கை 3: இது நான் எழுத மறந்தது. அறுவைக்குப் பின் சில மாதங்களுக்குப் பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை தருவார்கள். அது இருக்கும்வரை தைராய்டு மருந்து குறைவாக ஏறலாம், நிறுத்தியதும் அதே அளவு திடீரென அதிகமாகிவிடலாம். படபடப்போடு எழுதிய ஒரு வாசகிக்கு நடந்தது இதுதான். அந்த மாத்திரையைத் தொடங்கும் நாளையும் நிறுத்தும் நாளையும் படி 1-இல் சொன்ன அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். அந்த நாளிலிருந்து 6 வாரம் எண்ணி அடுத்த பரிசோதனை.