தோட்டத் திருவிழா மேடையில் ஏறுமுன்: முதலில் கரண்டைப் பாருங்கள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தேயிலைத் தோட்டத் திருவிழாவுக்கு வாசிக்கப் போனால் ‘எல்லாம் ரெடி’ என்ற பேச்சை நம்பாதீர்கள். வயரைச் செருகுமுன் பிளக் பாயின்டில் மல்டிமீட்டரை வையுங்கள். 230 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். ஜெனரேட்டர் என்றால் அலங்கார பல்பு முழுவதையும் எரியவிட்டு அளந்து பாருங்கள். சும்மா ஓடும்போது காட்டும் எண்ணுக்கு மதிப்பில்லை. வோல்ட் விழுந்தால் கீபோர்ட் நடுப்பாட்டில் அணைந்து எழும்.

எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக விடாதீர்கள், சூடேறி உறை உருகும்.

ஸ்பீக்கரில் இரைச்சல் வந்தால் எர்த் பின்னைக் கழற்றச் சொல்லும் அண்ணன் ஒருவர் எங்கும் இருப்பார். கேட்காதீர்கள், ஈர மேடையில் மைக்கைத் தொட்டவருக்கு ஷாக் அடிக்கும். கீபோர்டுக்கும் மிக்சருக்கும் ஒரே பாயின்டிலிருந்து கரண்ட் எடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், கீபோர்டை மிக்சரோடு இணைக்கும் டிஐ பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள்; அது ஒலி வயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும்.

ஸ்பீக்கர் பெட்டிகள் மைக்குக்கு முன்னால், சனத்தைப் பார்த்து. பனி இறங்கினால் தபேலாத் தோல் தளரும். தட்டி இறுக்கச் சுத்தியல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.