அடை வைப்பதிலிருந்து தொடங்கும் கோழிப் பெருக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டையொட்டிக் கோழி வளர்ப்போர் மந்தையைப் பெருக்க விரும்பினால், 8 முதல் 10 பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்ற கணக்கில் தொடங்கலாம். அடைகாக்கும் குணம் மிகுந்த சிறுவிடை என்ற நாட்டுக்கோழி வகையே இதற்கு ஏற்றது என்பது என் கருத்து.

இட்டு 7 நாட்களுக்கு உட்பட்ட, விரிசலற்ற முட்டைகளில் 10 அல்லது 12ஐத் தேர்ந்து, மணல் பரப்பிய கூடையில் இருள் சூழ்ந்தபின் அடை வையுங்கள். 7ஆம் நாள் இரவில் முட்டையை டார்ச் விளக்கின்முன் பிடித்தால், கரு வளர்வதில் சிவந்த நரம்புகள் வேர்போல் தெரியும். ஏதும் தெரியாதவற்றை அகற்றிவிடுங்கள். 21ஆம் நாளையொட்டிக் குஞ்சுகள் வெளிவரும்.

முதல் வாரத்தில் நொறுக்கிய கேழ்வரகும் கம்பும் மட்டும் போதா. புரதத்திற்குக் கரையானும் குஞ்சுத் தீவனமும் வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் நுழைந்தால் ஒரு வாரத்திற்குள் கூடே வெறுமையாகிவிடும், அந்த வேதனையை நானும் பட்டிருக்கிறேன். ஆகவே குஞ்சு பொரித்த 7ஆம் நாள் கண் சொட்டு மருந்தையும், 8ஆம் வாரம் இறக்கைத் தடுப்பூசியையும் கால்நடை மருத்துவரைக் கேட்டுத் தவறாமல் போடுங்கள். போச்சம்பள்ளிச் சந்தையில் வாங்கிய கோழியானாலும், 3 வாரம் தனியே வைத்திருந்த பிறகே மந்தையில் சேர்க்க வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை சேவலை வேற்றூரிலிருந்து மாற்றுங்கள்.