வீட்டுப் பேரேட்டை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி

தொழில்நுட்பத் தொடர்பியல், அதாவது வேலைக்கான தகவலைப் பயன்படுத்துபவருக்குப் புரியும்படி எழுதுவதை ஆராயும் துறை, என்றதும் மென்பொருள் கையேடுதான் ஞாபகம் வருகிறது, அதில் புதுத் தலைப்புக் கிடைக்கவில்லை என்று புலம்புகிறீர்களா? செட்டிநாட்டுத் தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ உங்கள் வளவு வீட்டில் (பங்காளிகளுக்குப் பொதுவான பழைய பெரிய வீட்டில்) பழைய கணக்குப் பேரேடு கிடந்தால் அதுவே போதும்.

முதலில் அனுமதி. வீடு பல புள்ளிகளுக்கு (தனித்தனிக் குடும்பங்களுக்கு) பொது என்பதால் ஒரு பங்காளி தலையாட்டினால் காணாது, ஆச்சியிடமும் சொல்லிவிட்டுத் தொடுங்கள். கடன் வாங்கியவர்களின் பேரன்மார் பக்கத்து ஊரிலேயே இருக்கலாம், அதனால் கட்டுரையில் பெயர்களை மறைத்துவிடுங்கள்.

அப்புறம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், அட்டையிலிருந்து வரிசையாகப் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள்.

படிக்கும்போது எண்தான் முதலில் மறிக்கும். ௨௰௫ என்று இருந்தால் அது 25. மாகாணி 1/16, காணி 1/80, முந்திரி 1/320 என்று ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வட்டி வரிகள் பிடிபடும்.

சரி, கேள்வி எது? இங்கேதான் பலர் கோட்டைவிட்டு, உள்ளடக்கத்தைச் சுருக்கி எழுதிவிட்டு ஆய்வு என்கிறார்கள். ஓர் ஆவண வகையை அதன் வடிவத்தை வைத்து அல்ல, திரும்பத் திரும்ப வரும் சூழலில் அது எந்தக் காரியத்தைச் செய்கிறது என்பதை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் கரோலின் மில்லர் 1984இல் வாதிட்டார். அதை, செட்டியார்கள் பர்மாவில் நடத்திய வட்டிக் கடையின் கணக்கில் பொருத்திப் பாருங்கள். முதலாளி இங்கே, கடை ரங்கூனில். கடையை அங்கே நடத்தும் மேலாள் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார், அடுத்து வருபவர் அவர் எழுதியதை வைத்தே கடையை நடத்த வேண்டும். ஆக, எழுதியவர் இல்லாத இடத்திலும் அந்தப் பக்கம் பேசியாக வேண்டும். அன்றாடக் குறிப்பிலிருந்து ஒரு தொகை பேரேட்டில் ஆள்வாரியாக எப்படி ஏறுகிறது, அங்கிருந்து ஐந்தொகைக்கு (சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் கணக்குக்கு) எதெல்லாம் போகிறது, எது விடுபடுகிறது என்று ஒரே ஒரு தொகையைப் பின்தொடருங்கள். கட்டுரையின் உயிர் அதில் இருக்கிறது என்பது என் கட்சி.

இன்னொரு சோதனை. பழைய கணக்கு தெரிந்த பெரியவர் ஒருவர், கணினியில் கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர், இருவரிடமும் அதே பக்கத்தின் படத்தைக் கொடுத்து, ஒருவரின் பாக்கியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லியபடியே. மென்பொருளைப் பயனர்களிடம் சோதிக்கும் அதே முறைதான். எங்கே தடுமாறினார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், உதவி மட்டும் செய்யாதீர்கள்.

கோட்டையூரில் சேர்ந்த தொகுப்பிலிருந்து உருவான ரோஜா முத்தையா நூலகம் சென்னையில் இருக்கிறது, பழைய அச்சு நூல்களோடு ஒப்பிட அங்கே போகலாம். ஆனால் ஒரு கடை, ஒரு வருடம் என்று எல்லையைக் குறுக்கிய பிறகு போங்கள்.