லைட்டை அணைச்ச பிறகும் மின்னுற கண்ணாடி: பாஸ்பரசன்ஸ் செஞ்சு பாக்கலாம் வாங்க

தேவையானது போரிக் ஆசிட், ஃப்ளோரசீன் சாயம், ஒரு டெஸ்ட் ட்யூப், ஒரு யூவி டார்ச், அவ்ளோதான். கேரம் போர்டுல தூவுறதும் பெரும்பாலும் போரிக் பவுடர்தான், ஆனா சிலதுல வேற மாவு கலந்திருக்கும், மெடிக்கல்லயே வாங்கிடுங்க. இது வயித்துக்குள்ள போகவே கூடாது, அதனால சமையல்கட்டு வேண்டாம், லேப்ல கண்ணுக்குக் கண்ணாடி போட்டுட்டு செய்யுங்க.

மொதல்ல 3 கிராம் போரிக் ஆசிட்ல ஃப்ளோரசீனை ஊசிமுனை அளவு கலக்குங்க. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, நிறைய போட்டா நிறைய ஒளிரும்னு நினைக்கிறாங்க, ஆனா மூலக்கூறுங்க நெருங்கி இருந்தா ஒன்னோட சக்தியை இன்னொன்னு வாங்கி வீணாக்கிடும். லேசா மஞ்சள் தட்டினாலே போதும்.

அடுத்து சின்ன தீயில ட்யூபை சுத்திச் சுத்தி காட்டுங்க. 170 டிகிரி பக்கம் வந்ததும் நுரைச்சுப் பொங்கும், ட்யூப் வாயோரம் தண்ணி முத்து முத்தா நிக்கும், அப்புறம் பாகு மாதிரி இளகும், அந்தப் பதத்துல உருட்டினா சுவர்ல மெல்லிசா படிஞ்சுக்கும். கருக விடாதீங்க. தானா ஆறி கண்ணாடியா இறுகட்டும்.

இப்போ ரூமை நல்லா இருட்டாக்கி, பத்து செகண்ட் யூவி அடிச்சு அணைங்க. பச்சையும் மஞ்சளுமா ஒரு ஒளி நின்னு, மெதுவா மங்கும்.

ஏன்? வெளிச்சம் பட்டு மேல போன எலக்ட்ரான் சாதாரணமா நானோசெகண்டுல கீழ வந்துடும், அது ஃப்ளோரசன்ஸ். சிலது மட்டும் ஸ்பின் (எலக்ட்ரானோட குட்டி காந்தத் திசைன்னு வெச்சுக்கோங்க) திரும்பி ட்ரிப்லெட்ங்கிற நிலைக்குப் போய் மாட்டிக்கும், கீழ வரணும்னா ஸ்பின் மறுபடி திரும்பணும், அது லேசுல நடக்காது, அதான் இந்தத் தாமதம், இதுக்குப் பேர்தான் பாஸ்பரசன்ஸ். தண்ணியில இருந்தா அதுக்குள்ள ஆக்சிஜனோ மத்த மோதலோ அந்தச் சக்தியைப் பறிச்சுடும், கண்ணாடிக்குள்ள மூலக்கூறு அசையாம பத்திரமா இருக்கு. இதே போரிக் கண்ணாடியை 1941லயே கலிஃபோர்னியாவுல வேதியியல் விஞ்ஞானி கில்பர்ட் லூயிஸ் குழு ஆராய்ஞ்சாங்க, 1944ல லூயிசும் மைக்கேல் காஷாவும் இந்த ஒளி ட்ரிப்லெட்ல இருந்துதான் வருதுன்னு எழுதினாங்க.

அந்துருண்டைல இருக்குற நாஃப்தலீனும் இப்படித்தான், திரவ நைட்ரஜன் குளிர்ல உறைய வெச்சா அதோட ட்ரிப்லெட் ரெண்டு செகண்டுக்கு மேல தாங்கும், ஆனா அதுல ஒரே ஒரு புரோமின் அணுவை சேர்த்தா செகண்டுல ஏறக்குறைய 50ல ஒரு பங்குதான். கனமான அணு ஸ்பின் திரும்புறதை சுலபமாக்கிடுது, எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்சது இதுதான்.

கடைசியா, ட்யூபை இளஞ்சூட்டுல ஒருதரமும் ஃப்ரீசர்ல வெச்சு ஒருதரமும் பாருங்க. சூட்டுல பச்சை தூக்கலா தெரியும், ஏன்னா ட்ரிப்லெட் அந்தச் சூட்டை வாங்கி, ஸ்பின் திரும்புறதுக்கு முன்னாடி இருந்த மேல் நிலைக்கே ஏறி அங்கிருந்து ஒளிருது, குளிர்ல ஏற முடியாது, மஞ்சள் கூடும்.