சொல்லி எழுதவைக்கப் பழகிய என் மகன்

கேள்வியைப் படித்துக் காட்டினால் பிழையின்றிப் பதில் சொல்லும் என் மகன், அதையே எழுதும்போது ‘மழை’யை ‘மளை’ என்றும் 36-ஐ 63 என்றும் எழுதிவிடுவான். ஒன்பதாம் வகுப்பு வரை அதைச் சோம்பல் என்று பள்ளியில் கண்டித்தார்கள், நானும் கண்டித்தேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது. அறிவில் குறையில்லாமலே எழுத்திலும் எண்ணிலும் இப்படித் தடுமாற வைப்பது ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பதையும், அது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதையும் அறிந்தபின், மதுரையில் மருத்துவச் சான்று பெற்று, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்டுத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பித்தோம். சலுகை கிடைத்தது.

ஆனால், பிறர் எழுதும்படி சொல்வதற்கே தனிப் பயிற்சி வேண்டும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். முதல் நாள் அவன் வேகமாகச் சொல்லிக்கொண்டே போக, எழுத உட்கார்ந்த என் தங்கை மகள் இரண்டாம் வரியிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அதன்பின் திருப்பரங்குன்றத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் மாலை அரை மணி நேரம் உட்கார்ந்து, நான்கைந்து சொற்களுக்கு ஒருமுறை நிறுத்தவும், ‘புதுப் பத்தி’, ‘அடிக்கோடு’ என்று சொல்லவும், எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் திருத்தவும் பழகினான். கணக்குக்குத்தான் அதிக நாள் பிடித்தது. ‘மேலே மூன்று, நடுவில் கோடு, கீழே எட்டு’ என்று பின்னத்தைக்கூட வாயால் வரைய வேண்டியிருந்தது.

தேர்வறையில் அவனுக்காக எழுதியவர் முன்பின் அறியாத ஆசிரியை. முதல் விடை முடிந்ததும், ‘ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், டீச்சர்’ என்று அவனே கேட்டிருக்கிறான்.