அஞ்சு பேர் சேர்ந்தால் இயற்கை விளைச்சலுக்குச் சான்று: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"மருந்தே அடிக்கிறதில்லைங்க" என்று சொல்லாத வியாபாரி சந்தையில் உண்டா? வாங்குகிறவர் எதை வைத்து நம்புவார்? சான்று வேண்டியிருப்பது அதற்குத்தான்.

1. எந்தச் சான்று?

ஏற்றுமதிக்கு என்றால் என்.பி.ஓ.பி. (மத்திய அரசின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டம்) சான்று வேண்டும். தமிழ்நாட்டில் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை அதைத் தருகிறது. ஆய்வாளர் வருவார், கட்டணம் உண்டு. உள்ளூரில் விற்கும் சிறு விவசாயிக்கு பி.ஜி.எஸ். இந்தியா (பங்கேற்பு உத்தரவாத முறை) சான்று போதும். இங்கே ஆய்வாளர் கிடையாது, சக விவசாயிகளே சரிபார்ப்பார்கள். நாம் பார்க்கப்போவது இதைத்தான்.

2. ஆள் சேருங்கள்

ஒரே ஊர் அல்லது அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து குறைந்தது 5 விவசாயிகள் கொண்ட குழு வேண்டும். எண்ணிக்கைக்காக மச்சானைச் சேர்க்காதீர்கள். நாளைக்கு அவர் வயலைப் பார்த்துக் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். உங்களுக்கு மேல்மடையில் இருப்பவரைச் சேர்க்க முடிந்தால் பாதி தலைவலி தீரும், அவர் வயல் தண்ணீர்தானே உங்களுக்கு வருகிறது.

3. பதிவு

ஆதார், சிட்டா, புல எண், வயல் வரைபடம், கடைசியாக ரசாயனம் போட்ட தேதி, எல்லோரும் கையெழுத்திட்ட உறுதிமொழி. இவற்றோடு மண்டலக் குழு (உங்களைப் போன்ற குழுக்களைப் பதிந்து மேற்பார்க்கும் அமைப்பு) வழியாக இணையத்தில் பதிய வேண்டும். வேளாண் அலுவலரிடம் கேட்டால் உங்களுக்கு எந்த மண்டலக் குழு என்று சொல்வார்.

4. வரப்பைக் கவனியுங்கள்

பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து காற்றில் வரும். அதைத் தடுக்க ஓரத்தில் உயிர்வேலி வேண்டும். நொச்சியும் ஆடாதொடையும் என் தேர்வு. இரண்டையும் ஆடு கடிக்காது, பூச்சிவிரட்டிக்கு இலையும் ஆச்சு.

இந்த வேலிதான் ஓணானுக்கும் கீரிக்கும் செம்போத்துக்கும் வீடு. வயல் நடுவே பறவைத் தாங்கிக் குச்சி நட்டால் ரெட்டைவால் குருவி வந்து உட்கார்ந்து புழுவைப் பொறுக்கும், கூலி கேட்காது. மருந்து கலந்த விதையைத் தின்று மயில் செத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

5. நோட்டு எழுதுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கினேன். ஜீவாமிர்தம் (சாணமும் கோமியமும் கலந்த உரக் கரைசல்) விட்டேன், தேதி எழுதவில்லை. பார்க்க வந்தவர்கள் கேட்டபோது மாடு போட்ட கன்றின் வயதை வைத்துக் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று! விதை எங்கே வாங்கியது, என்ன இடுபொருள், எவ்வளவு அறுவடை, யாருக்கு விற்றது என எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள்.

இன்னும் மூன்று: சாயம் பூசிய மருந்து விதை கூடாது. ஸ்ப்ரேயர் இரவல் வாங்காதீர்கள். நெல்லை யூரியா சாக்கில் கட்டாதீர்கள்.

6. சக ஆய்வு

உங்கள் குழுவினர் வயலுக்கு வந்து பார்த்து, நோட்டைப் புரட்டி, படிவம் நிரப்புவார்கள். நீங்கள் அவருக்கு, அவர் உங்களுக்கு என்று மாற்றி மாற்றி மதிப்பெண் போட்டுக்கொள்வது கூடாது. குழுவின் முடிவை மண்டலக் குழு ஏற்றால் சான்று வரும். ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு மாறுகிற காலத்தில் 'பி.ஜி.எஸ். கிரீன்', அது முடிந்ததும் 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. இந்த மாறும் காலம் ஆண்டுப் பயிருக்கு 24 மாதம், தென்னை, மா போன்றவற்றுக்கு 36 மாதம்.

வேலையாட்களுக்கு என்ன லாபம்?

மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு விஷம் அடிக்கும் வேலை போகிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் கூலியைப் பற்றி இந்தச் சான்று எதுவும் பேசாது. தேயிலை பாக்கெட்டில் தவளைப் படம் பார்த்திருப்பீர்கள், ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் முத்திரை அது. அதில் கூலி, குடியிருப்பு, பாதுகாப்பு உடை, குழந்தைத் தொழிலாளர் பிரச்சினை எல்லாம் ஆய்வில் வரும். நம் சான்றில் அந்தப் பாடம் இல்லை என்பது என் மனக்குறை.

வாங்குகிறவருக்கு?

பையில் குழுவின் பெயரும் சான்று எண்ணும் அச்சிடுங்கள். சந்தேகப்படுபவரிடம் நோட்டையே நீட்டுங்கள். வயலைப் பார்க்க வருகிறேன் என்றால் காலையில் வரச் சொல்லுங்கள், ரெட்டைவால் குருவி அப்போதுதான் குச்சியில் இருக்கும்.